கடல் கடக்கும் தீர்ப்பு
நீதிமன்றப் பத்திரங்கள் பிறநாட்டில் ஏற்கப்படும் முறை

நீதிமன்றத்தின் தீர்ப்பு, தான் பிறந்த நாட்டினுள்ளே அரசின் ஆணையாக விளங்குவது. பதுளை மாவட்ட நீதிமன்றம் ஒருவரைத் தாய்தந்தையற்ற பிள்ளையின் பாதுகாவலர் என்று கட்டளையிடின், பசறையிலுள்ள பாடசாலையும் வங்கியும் பிரதேச செயலகமும் அக்கட்டளைக்கு இணங்கியே நடத்தல் வேண்டும். ஆயின், அதே கட்டளையின் பிரதியை ஏந்திக் கொண்டு ஒருவர் பாக்கு நீரிணையைக் கடந்து, நீலகிரி மாவட்டத்துக் கூடலூரில் ஓர் அலுவலர் முன் நீட்டும்போது, அஃது ஆணை என்னும் தகுதியை இழந்து வெறுந்தாளாக நிற்கின்றது. அவ்வலுவலர் பதுளை நீதிமன்றப் பதிவாளரை அறியார். அவர்தம் கையொப்பத்தைக் கண்டதுமில்லை. தாளிற் பதிந்துள்ள முத்திரை மெய்யோ பொய்யோ என்று துணிய அவரிடம் வழியொன்றும் இல்லை. அத்தாள் மீண்டும் பத்திரமாக மதிக்கப்படுதற்குச் சில சான்றுகள் அதனுடன் செல்லல் வேண்டும். அச்சான்றுகள் யாவை, எவ்வொழுங்கிற் பெறப்படுவன, எதனை அவை மெய்ப்பிக்கும், எதனை மெய்ப்பிக்கமாட்டா என்பன ஈண்டு விளக்கப்படும்.

ஊவா மாகாணத்தின் தோட்டப் பகுதிகளுக்கு இஃது ஏட்டளவில் நிற்கும் பொருளன்று. பசறை, லுணுகலை, மடுல்சீமை, நமுனுகுலை ஆகிய இடங்களில் வாழும் தமிழ்க் குடும்பங்களுள் உறவினர் ஒருவரேனும் கடலுக்கு அப்பால் இல்லாத குடும்பம் அரிது. 1964 ஆம் ஆண்டு ஒக்டோபர் 30 ஆம் நாள் கைச்சாத்தான சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம், 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் குடிகளாக ஏற்குமென வகுத்தது. எஞ்சிய 1,50,000 பேரைப் பின்னர் 1974 ஆம் ஆண்டு உடன்பாட்டின்படி இரு நாடுகளும் சமமாகப் பகிர்ந்துகொள்ள இசைந்தன. தலைமன்னாரிற் கப்பலேறி இராமேசுவரத்திலும் மண்டபம் முகாமிலும் இறங்கியோர், நீலகிரியின் அரசுத் தேயிலைத் தோட்டங்களிலும் கேரள, கருநாடக மாநிலங்களின் றப்பர்த் தோட்டங்களிலும் குடியமர்த்தப்பட்டனர். அண்ணன் ஒரு நாட்டின் குடி, தம்பி மற்றொரு நாட்டின் குடி என்னும் நிலை அங்ஙனம் உண்டாயிற்று. தந்தையின் சேமிப்பு ஒரு கரையிலும் மக்கள் மறுகரையிலும் இருப்பின், ஒரு கரையின் நீதிமன்றம் எழுதியதை மறுகரை நம்புதற்கு வழி வேண்டும். அண்மைக் காலத்தில் மேற்காசிய நாடுகளுக்கும் ஐரோப்பாவுக்கும் தொழில் நாடிச் செல்வோர் பெருகியமையால், இத்தேவை மேலும் விரிந்துள்ளது.

மூல ஓலையும் படி ஓலையும்

பத்திரத்தின் மெய்ம்மையை ஆராயும் முறை தமிழ்மக்களுக்குப் புதியதன்று. பன்னிரண்டாம் நூற்றாண்டிற் சேக்கிழார் இயற்றிய பெரியபுராணத்தில், தடுத்தாட்கொண்ட புராணம் ஒரு வழக்கினை விரித்துரைக்கின்றது. மணக்கோலம் பூண்டிருந்த நம்பியாரூரரை அடிமையென உரிமை கோரி வந்த முதிய வேதியர் ஓர் ஓலையைக் காட்டுகின்றார். ஆரூரர் அதனைப் பறித்துக் கிழித்தெறிகின்றார். கிழிந்தது படி ஓலையே, மூல ஓலை தம்மிடம் உள்ளதென முதியவர் கூற, வழக்குத் திருவெண்ணெய்நல்லூர் அவைக்குச் செல்கின்றது. அவையோர் மூல ஓலையைப் படிப்பித்துக் கேட்கின்றனர். அதில் ஒப்பமிட்ட சாட்சிகளின் எழுத்தை நோக்குகின்றனர். அதனோடு அமையாது, ஆரூரரின் பாட்டனார் எழுதியதாகக் காப்பிலிருந்த வேறோர் ஓலையை வருவித்து, இரண்டன் கையெழுத்தையும் ஒப்பிட்ட பின்னரே தீர்ப்புரைக்கின்றனர்.

இறைவனின் திருவிளையாட்டெனப் பத்தர் போற்றும் இவ்வரலாற்றில், பத்திரச் சான்றின் மூன்று கூறுகளும் அமைந்துள்ளன. மூலம் வேறு, படி வேறு என்பது ஒன்று. எழுதியவரின் கையொப்பம், ஐயத்துக்கிடமற்ற மாதிரியொன்றுடன் ஒப்பிடப்படுதல் வேண்டும் என்பது இரண்டு. அம்மாதிரி நம்பத்தக்க காப்பில் இருத்தல் வேண்டும் என்பது மூன்று. இன்றைய அரசுகள் கடல் கடக்கும் பத்திரங்களுக்கு வகுத்துள்ள முறை இம்மூன்றன் விரிவேயாகும்.

அத்தாட்சிப் பிரதி

இலங்கையில் இத்துறைக்கு அடிப்படையாயுள்ளது 1895 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்கச் சான்றுக் கட்டளைச் சட்டம். இஃது இந்தியாவுக்கெனச் சேர் ஜேம்ஸ் ஃபிற்ஸ்ஜேம்ஸ் ஸ்ரீபன் வரைந்த 1872 ஆம் ஆண்டுச் சான்றுச் சட்டத்தைத் தழுவியது. பிரிவுகளின் இலக்கங்கள்கூடப் பெரும்பாலும் ஒன்றாகவே உள்ளன. இந்தியாவில் அப்பழைய சட்டத்தின் இடத்தை 2024 ஆம் ஆண்டு யூலை 1 ஆம் நாள் முதலாகப் பாரதிய சாட்சிய அதிநியமம் என்னும் புதுச்சட்டம் பெற்றுள்ளது. எனினும் ஈண்டுக் கூறப்படும் நெறிகள் அதிலும் தொடர்கின்றன.

நீதிமன்றங்களின் செயல்களைப் பதிந்த ஏடுகள் பகிரங்கப் பத்திரங்கள் என 74 ஆம் பிரிவு கூறும். மூல ஏடு நீதிமன்றத்தைவிட்டு வெளியேறுவதில்லை. அதனைப் பார்வையிடும் உரிமையுடையார் உரிய கட்டணஞ் செலுத்திப் பிரதி கேட்பின், ஏட்டைக் காக்கும் அலுவலர் அதனைக் கொடுத்தல் வேண்டும் என்பது 76 ஆம் பிரிவு. பிரதியின் அடியில், இது மெய்ப்பிரதி என்னும் வாசகமும், நாளும், அலுவலரின் கையொப்பமும், பெயரும், பதவிப் பெயரும், அவர் முத்திரையிடும் அதிகாரமுடையவராயின் முத்திரையும் இருத்தல் வேண்டும். இவ்வுறுப்புக்கள் யாவும் அமைந்ததே அத்தாட்சிப் பிரதியாகும். கடையில் எடுத்த ஒளிப்படப் பிரதி எத்துணைத் தெளிவாயிருப்பினும் அத்தாட்சிப் பிரதியாகாது. அதன்மேல் வேறொருவர் ‘உண்மைப் பிரதி’ என எழுதி ஒப்பமிடினும், ஏட்டைக் காப்பவர் அவரல்லராதலின், நீதிமன்றப் பதிவாளரின் சான்றுக்கு அஃது ஈடாகாது.

பசறைப் பகுதியினர் இப்பிரதியைப் பெறுதற்கு முதலில் வேண்டுவது வழக்கிலக்கம். பழைய வழக்காயின் ஏடு பதிவேட்டறையிற் கிடக்கும். இலக்கமும் ஆண்டும் அறியாதார் பல நாள் அலைய நேரும். வழக்கின் தரப்பினர் தம் சட்டத்தரணி வாயிலாக விண்ணப்பித்தல் எளிது. மற்றையோர் தமக்கு அப்பத்திரத்தில் உள்ள உரிமையை நீதிமன்றத்துக்கு உணர்த்தல் வேண்டும்.

சான்றின் சங்கிலி

உள்நாட்டு நீதிமன்றமாயின், இத்தகைய பிரதியை மெய்யானதென 79 ஆம் பிரிவின்படி கொள்ளும். இவ்வனுமானம் நாட்டெல்லையோடு நின்றுவிடும். பிறநாட்டுப் பத்திரத்துக்கு 78 ஆம் பிரிவின் ஆறாம் உறுப்பு கூடுதலான சான்றை வேண்டுகின்றது. மூலத்தைச் சட்டப்படி காப்பவரே பிரதியை உறுதிப்படுத்தினார் என்பதற்கு, நொத்தாரிசு ஒருவரோ தூதாண்மை அலுவலர் ஒருவரோ தம் முத்திரையுடன் சான்றளித்தல் வேண்டும் என்பது அது. பிறநாட்டு நீதிமன்ற ஏடுகளைப் பற்றி 86 ஆம் பிரிவு தனியே பேசுகின்றது. அவ்வேட்டின் பிரதி, அந்நாட்டில் வழக்கமாயுள்ள முறையிலேயே உறுதிப்படுத்தப்பட்டுள்ளது என்று, அங்கு இந்நாட்டரசின் பிரதிநிதியாக உள்ளவர் சான்றளிப்பின், நீதிமன்றம் அதனை மெய்யெனக் கொள்ளலாம்.

இவ்விதிகளின் வழியாகவே சான்றுகள் சங்கிலிபோல் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடர்கின்றன. பதுளை நீதிமன்றப் பதிவாளரின் கையொப்பத்தைக் கொழும்பிலுள்ள வெளிநாட்டலுவல்கள் அமைச்சின் கொன்சியூலர் பிரிவு உறுதிப்படுத்தும். அலுவலர்களின் மாதிரிக் கையொப்பங்களை வைத்துக்கொண்டு ஒப்பிட்டுப் பார்த்தே இது செய்யப்படுகின்றது. திருவெண்ணெய்நல்லூர் அவையின் காப்பிலிருந்த ஓலைக்கு ஒப்பானவை அம்மாதிரிகள். இடையில் வேறொரு திணைக்களத்தின் சான்று வேண்டப்படுமாயின், அதுவும் இச்சங்கிலியின் ஒரு கண்ணியாகும். அதன்பின், பத்திரம் செல்லவேண்டிய நாட்டின் தூதரகம், அமைச்சின் அலுவலரது கையொப்பத்தை உறுதிப்படுத்தும். இந்தியாவுக்காயின் அது கொழும்பிலுள்ள உயர் ஸ்தானிகராலயத்தின் பணி. பொதுநலவாய நாடுகள் தம்முள் தூதுவருக்குப் பதிலாக உயர் ஸ்தானிகரை அனுப்புதல் மரபாதலின் பெயர் வேறுபடுகின்றது; பணி வேறுபடுவதில்லை. இந்தியத் தூதாண்மை அலுவலர் பிறநாட்டில் நொத்தாரிசின் பணிகளைச் செய்தற்கு 1948 ஆம் ஆண்டுச் சட்டமொன்று அதிகாரமளித்துள்ளது.

ஒவ்வொரு கண்ணியும் தனக்கு முந்திய கண்ணியை மட்டுமே அறியும். தூதரகம் பதுளைப் பதிவாளரை அறியாது, அமைச்சையே அறியும். அமைச்சு வழக்கின் நீதியை ஆராயாது. பதிவாளரின் கையொப்பத்தையே ஆராயும். ஆதலால் ஒழுங்கு பிறழ்ந்து, தூதரகத்துக்கு முதலிற் சென்றவர் வெறுங்கையுடன் திரும்ப நேர்கின்றது.

இச்சங்கிலியின் நீளத்தைக் குறைக்கும் நோக்குடன் 1961 ஆம் ஆண்டு ஒக்டோபர் 5 ஆம் நாள் நெதர்லாந்தின் ஹேக் நகரில் ஓர் உடன்படிக்கை உருவாயிற்று. அதனை ஏற்ற நாடுகளுக்கிடையே தூதரகச் சான்று வேண்டுவதில்லை. பத்திரம் பிறந்த நாட்டின் உரிய அதிகாரி ‘அப்போஸ்தில்’ என்னும் ஒரே சான்றினை இணைத்தாற் போதும். அச்சான்று பக்கம் ஒன்பது சதமமீற்றருக்குக் குறையாத சதுர வடிவினது; பத்து விவரங்கள் கொண்டது; அதன் தலைப்பு பிரெஞ்சு மொழியிலேயே இருத்தல் வேண்டும். நீதிமன்றப் பத்திரங்கள் இவ்வுடன்படிக்கையில் வெளிப்படையாகவே அடக்கப்பட்டுள்ளன. இந்தியாவில் இது 2005 ஆம் ஆண்டு யூலை 14 ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. ஆயினும் பத்திரத்தை அனுப்பும் நாடும் பெறும் நாடும் ஆகிய இரண்டுமே உடன்படிக்கையில் இணைந்திருந்தாலன்றி அப்போஸ்தில் பயன்படாது. உடன்படிக்கை உருவானபோது இலங்கை அதிற் சேரவில்லை. இலங்கைப் பத்திரங்கள் நெடுங்காலமாகச் சங்கிலி முறையிலேயே கடல் கடந்து வந்துள்ளன.

முத்திரை கூறாதவை

சான்றுகள் யாவும் அமைந்த பத்திரத்தைக் கையிற் கொண்டவர், இனித் தடையேதும் இல்லையென எண்ணுதல் இயல்பு. அங்கேதான் பெரும் பிழை நிகழ்கின்றது. அப்போஸ்தில் மூன்றனை மட்டுமே மெய்ப்பிக்கும் என உடன்படிக்கையே வரையறுக்கின்றது: கையொப்பம் மெய்யானது, ஒப்பமிட்டவர் இன்ன பதவியினர், முத்திரை இன்னாருடையது. சங்கிலிச் சான்றும் இவ்வெல்லையைக் கடவாது. பத்திரத்தில் எழுதியுள்ள பெயர் சரியானதா, நாள் சரியானதா, தீர்ப்பு முடிந்த தீர்ப்பா, மற்றைய நாட்டின் சட்டம் அதனை ஏற்குமா என்பவற்றைப் பற்றி முத்திரை ஒரு சொல்லும் கூறுவதில்லை.

1991 ஆம் ஆண்டு இந்திய உச்ச நீதிமன்றம் தீர்த்த ஒரு வழக்கு இதற்கு நல்ல எடுத்துக்காட்டாகும். இந்து திருமணச் சட்டத்தின்படி இந்தியாவில் மணம் புரிந்த ஒருவர், அமெரிக்காவின் மிசூரி மாநில நீதிமன்றத்தில் மணவிலக்குப் பெற்றுப் பின்னர் மறுமணமும் செய்துகொண்டார். முதல் மனைவி இருதார மணக் குற்றஞ் சாட்டியபோது, அம்மணவிலக்குத் தீர்ப்பின் ஒளிப்படப் பிரதியே எதிர்வாதமாகக் காட்டப்பட்டது. 86 ஆம் பிரிவு வேண்டும் சான்று அதில் இன்மையால் அப்பிரதி போதியதன்று என நீதிமன்றம் கூறியது. அவ்வளவில் நில்லாது, அம்மணத்துக்குரிய சட்டம் ஏற்கும் காரணத்தின்மேல் அம்மணவிலக்கு வழங்கப்படவில்லை. மனைவியும் அந்நீதிமன்றின் அதிகாரத்துக்கு உடன்பட்டவரல்லர். ஆதலின் அத்தீர்ப்பை ஏற்றல் இயலாது எனவும் முடிவு செய்தது. சான்று குறைந்திருந்தது ஒரு குறை. சான்று நிறைந்திருந்தாலும் தீராதது மற்றொரு குறை. முதலாவது அலுவலகங்களில் தீர்க்கத்தக்கது. இரண்டாவது வழக்குத் தொடுக்குமுன்னரே எண்ணப்படவேண்டியது.

ஊவாவில் இத்தகைய குறை எளிய வடிவில் அடிக்கடி தோன்றும் இடம் மணவிலக்கு வழக்கேயாகும். 1889 ஆம் ஆண்டின் குடியியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின்படி, மணவிலக்கு முதலில் ‘டிக்கிரி நைசை’ எனப்படும் நிபந்தனைத் தீர்ப்பாணையாகப் பிறக்கின்றது. மூன்று மாதத்துக்குக் குறையாத காலங் கழிந்த பின்னரே அது முடிவான தீர்ப்பாணையாகும். நைசையின் பிரதிக்குப் பதிவாளரும் அமைச்சும் தூதரகமும் முறைப்படி சான்றளிப்பர். ஏனெனில் அதுவும் மெய்யான நீதிமன்றப் பத்திரமே. ஆனால் அதனைக் கொண்டு சென்றவர் சட்டத்தின் கண்ணில் இன்னும் மணமானவரே. முத்திரைகள் யாவும் மெய்; அவற்றால் விளைந்த பயன் யாதுமில்லை. இறந்தவரின் சொத்துத் தொடர்பான மரணசாதன வழக்கிலும், தத்தெடுப்பு வழக்கிலும், இடைக்கட்டளை யாது, இறுதிக் கட்டளை யாது என்று வேறுபிரித்தறிந்து பிரதி கேட்டல் இதனால் இன்றியமையாதது.

பெயரும் மொழியும்

தோட்டத் தமிழரின் வரலாற்றிற் பத்திரம் ஒருவருடைய வாழ்வையே தீர்மானித்த காலமொன்று உண்டு. 1949 ஆம் ஆண்டு இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் குடியுரிமைச் சட்டம், மணமானோர் 1946 ஆம் ஆண்டு சனவரி 1 ஆம் நாளுக்கு முன் ஏழாண்டும், மணமாகாதோர் பத்தாண்டும் இடையறாது இலங்கையில் வாழ்ந்தமையை நிறுவல் வேண்டும் என்றது. ஏறக்குறைய 2,37,000 விண்ணப்பங்கள் எட்டு இலட்சத்துக்கு மேற்பட்டோரின் பொருட்டுச் செய்யப்பட்டன. குடியுரிமை பெற்றோர் ஏறக்குறைய 1,34,000 பேரே. லயத்தறையில் வாழ்ந்தமைக்குச் செக்றோலும் தோட்டப் பதிவுகளுமன்றி வேறு எழுத்துச் சான்று பலரிடம் இருக்கவில்லை. அப்பதிவுகளிற் பெயரை எழுதியவர் கணக்கப்பிள்ளையோ கந்தோர் எழுதுவினைஞரோ. பெயருக்குரியவர் அதனை வாசித்துத் திருத்தும் நிலையில் இருந்தது அரிது.

அன்று தோன்றிய பெயர் வேறுபாடுகள் இன்றும் தொடர்கின்றன. தோட்டத்துப் பிறப்புக்கள் அத்தியட்சகரின் அறிக்கை வழியாகப் பதியப்பட்டன. ‘இலட்சுமி’ என்னும் பெயர் பிறப்புப் பதிவில் ‘லெட்சுமி’ எனவும், செக்றோலில் ‘லெச்சுமி’ எனவும் நிற்கும். ‘செல்லம்மா’ என்னும் பெயரின் முதலெழுத்து, இலங்கையில் ஆங்கிலத்தில் எழுதுங்கால் ‘எஸ்’ ஆகவும் தமிழ்நாட்டில் ‘சி’ ஆகவும் அமையும். தந்தையின் பெயர் ஒரு பத்திரத்தில் முழுமையாகவும், மற்றொன்றில் ஓரெழுத்தாகவும், வேறொன்றிற் பிள்ளையின் பெயருக்குப் பின்னரும் வரும். தாயகம் திரும்பியோருக்கு வழங்கப்பட்ட குடும்ப அட்டையில் ஒரு வடிவமும் பதுளை நீதிமன்றத்து ஏட்டில் மற்றொரு வடிவமும் இருப்பின், கூடலூரில் இருக்கும் அலுவலர் இருவரையும் வெவ்வேறு ஆட்கள் எனக் கொள்ளுதல் அவர் குற்றமாகாது.

மொழியும் இதனைச் சிக்கலாக்குகின்றது. அரசியலமைப்பின்படி வடக்கு, கிழக்கு நீங்கலாக ஏனைய பகுதிகளின் நீதிமன்ற மொழி பொதுவாகச் சிங்களமாதலின், பதுளை நீதிமன்றத்தின் ஏடு சிங்களத்தில் இருக்கும். பிறநாட்டுக்கு அஃது ஆங்கிலத்திற் செல்லல் வேண்டும். தமிழ்ப் பெயர் சிங்கள எழுத்திற் புகுந்து அங்கிருந்து ஆங்கிலத்துக்குச் செல்லும்போது, கடவுச்சீட்டிலுள்ள வடிவத்தோடு ஒவ்வாது போதல் பெரிதும் நிகழக்கூடியது. மொழிபெயர்ப்பைச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரே செய்தல் வேண்டும். அவரிடம் கடவுச்சீட்டையும் காட்டிப் பெயரின் வடிவத்தை உறுதிசெய்தல் பெயருக்குரியவரின் கடமை. மூலப்பிரதியும் மொழிபெயர்ப்பும் இரண்டும் சான்று பெறல் வேண்டுமா என்பதையும் பெறும் நாட்டின் தூதரகத்தில் முன்னரே கேட்டறிதல் நன்று.

செய்யவேண்டிய ஒழுங்கு

மேற்கூறியவற்றால் ஒரு நெறி புலனாகும். சான்று தேடுமுன் பத்திரத்தையே சீர்செய்தல் வேண்டும். முதற்கண், பத்திரம் எந்த அலுவலகத்துக்கு, எக்காரியத்துக்கு வேண்டப்படுகின்றது என்பதை அவ்வலுவலகத்திடமே எழுத்தில் அறிதல் வேண்டும். தீர்ப்பு மட்டும் போதுமா, தீர்ப்பாணையும் வேண்டுமா, வழக்கேடு முழுவதும் வேண்டுமா என்பது அதனால் தெளியும். அடுத்து, பிறப்புப் பதிவு, தேசிய அடையாள அட்டை, கடவுச்சீட்டு, நீதிமன்றப் பத்திரம் ஆகியவற்றைப் பக்கத்திற் பக்கமாக வைத்துப் பெயரையும் நாளையும் ஒப்பிடல் வேண்டும். வேறுபாடு காணின், பதிவுத் திணைக்களத்தின் வழியாகவோ, சட்டம் வேண்டுமிடத்து நீதிமன்றத்தின் வழியாகவோ அதனை உள்நாட்டிலேயே திருத்துதல் வேண்டும். இரு வடிவமும் ஒருவரையே குறிக்கும் எனக் கூறும் சத்தியக் கடதாசி சில இடங்களில் ஏற்கப்படும். எல்லா இடங்களிலும் ஏற்கப்படுமென நம்புதல் தகாது. அதன்பின் அத்தாட்சிப் பிரதி, மொழிபெயர்ப்பு, அமைச்சு, தூதரகம் என்னும் ஒழுங்கிற் செல்லல் வேண்டும். பிரதிகளை ஒன்றுக்கு மேற்பட்டனவாகப் பெற்றுக்கொள்ளுதலும் அறிவுடைமை. பிறநாட்டு அலுவலகம் பெற்ற பிரதியைத் திருப்பித் தருவது அரிது.

உறவினர் ஒருவர் வாயிலாகக் காரியம் நடத்துவோர் அற்றோணித் தத்துவமும் அனுப்புவர். அது நீதிமன்றப் பத்திரமன்று. எனினும் அதற்கும் சான்று வேண்டும். இந்தியாவுக்கு அனுப்பப்படுவதாயின், அந்நாட்டை அடைந்த மூன்று மாதத்துக்குள் 1899 ஆம் ஆண்டு முத்திரைச் சட்டத்தின்படி அதற்கு முத்திரைத் தீர்வை செலுத்தல் வேண்டும் என்பதைப் பலரும் அறியாது விடுகின்றனர்.

இவ்வொழுங்கைப் பின்பற்றாமையின் விலையைக் கொடுப்பவர் பெரும்பாலும் எளியவரே. கொழும்பிலிருந்து பதுளைக்குள்ள இருப்புப்பாதை ஏறக்குறைய 290 கிலோமீற்றர். கொழுந்து பறிப்பவர் ஒருவர் ஒருமுறை சென்றுவருதல், வண்டிச் செலவோடு இரண்டு மூன்று நாட் பேரையும் இழத்தலாகும். பெயரில் ஓரெழுத்து வேறுபட்டமையால் மீண்டும் பதுளைக்குத் திருப்பப்படின் அவ்விழப்பு இரட்டிக்கும். அவ்வேளையில் ‘எல்லாம் யான் முடித்துத் தருவேன்’ என்னும் தரகர் எதிர்ப்படுவார். அவர் பெற்றுத்தரும் முத்திரை போலியாயின், இழப்புப் பொருளளவில் நில்லாது குற்றவழக்காகவும் முடியும். அத்தாட்சிப் பிரதி பெறுதல் குடிமகனின் உரிமை, அதற்கென விதித்த கட்டணத்துக்கு மேல் எவருக்கும் எதுவும் கொடுக்கவேண்டியதில்லை என்னும் அறிவொன்றே அவருக்குக் காப்பாகும்.

தோட்டப் பாடசாலைகளிற் பயின்று வெளிவரும் இளைஞர்க்கு இதில் ஒரு கடமை உண்டு. பாட்டனார் காலத்திற் பெயரை எழுதியவர் பிறர், வாசித்தவரும் பிறர். இன்று ஒவ்வொரு லயத்திலும் எழுதப் படிக்கத் தெரிந்தவர் உளர். பிள்ளை பிறந்த நாளிற் பதியப்படும் பெயரை அன்றே வாசித்துப் பார்த்தலும், வீட்டிலுள்ள பத்திரங்களின் பெயர்களை ஒருநாள் அமர்ந்து ஒப்பிடுதலும் செலவில்லாத செயல்கள். அங்ஙனம் பெயர் சீராக நிற்கும் குடும்பத்தின் தீர்ப்பு, சான்று தேடிப் புறப்படும் நாளிற் பாதிவழி கடந்ததாகவே கொள்ளத்தக்கது.